உனாய்சியின் கடைசிப் பேப்பர்

பழைய மாணவர்களிடம் கேட்பதுதான் என் வேலை. பல்கலைக்கழகத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்து, கதவில் பலகையும் மாட்டியிருக்கிறார்கள். விஷயம் என்னவோ அவ்வளவுதான். எங்கள் வணிகத் துறையில் பட்டம் வாங்கிப் போனவர்களைத் தேடிப் பிடித்து, பிறந்தநாள் வாழ்த்து அனுப்பி, விருந்துக்குக் கூப்பிட்டு, சாப்பாடு முடிகிற நேரம் பார்த்து, “கூரை ஒழுகுது” என்று சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். கூரையும் விடாமல் ஒழுகுகிறது. எங்கள் தீவு நாட்டுத் தலைநகரான சுவாவில் பெய்யும் மழைக்கு அதையும் குற்றம் சொல்ல முடியாது.

நான் வாய் திறக்காமலே கொடுத்த ஒரே ஆள் அபாகுகி. நௌசோரியில் கிழங்குத் தொழிற்சாலை வைத்திருக்கிறான். மரவள்ளியையும் தாலோவையும் தோல் சீவி, உறைய வைத்து, ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் கப்பலேற்றுகிறான். மாதாமாதம் எங்கள் விடுதிக்கு அவன் லாரியில் பெட்டி பெட்டியாகக் கிழங்கு வரும். தூரத்துத் தீவுகளிலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் ராத்திரிச் சாப்பாடு. வருஷத்துக்கு ஆறு பேரைத் தொழிற்சாலையில் சேர்த்துக்கொண்டு, கிழங்கு கழுவுவதிலிருந்து துறைமுகத்தில் ஏற்றுமதி முத்திரை வாங்குவது வரை கற்றுக்கொடுப்பான். “என்னை மனுசனாக்கின இடம் மச்சான்” என்பான். அதற்கு மேல் பேச விடமாட்டான்.

அவன் ஊரும் என் ஊரும் தௌவு. ஒரே மூதாதையின் பிள்ளைகள் என்று கணக்கு. அப்படிப்பட்ட இரண்டு பேர் சந்தித்தால் ஒருவரை ஒருவர் வாராமல் விடுவது மரியாதைக் குறைவு. நான் ரேவா ஆற்றங்கரைக்காரன். அதனால் அவனுக்கு நான் எப்போதும் ‘சேத்து நண்டு’. அவன் தவேயுனித் தீவுக்காரன். அவனை நான் என்ன சொல்லுவேன் என்பதை எழுத முடியாது.

அந்த வருஷம் துறையின் சிறந்த பட்டதாரி விருதை அபாகுகிக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. எனக்கு உள்ளூர ஒரு திட்டம் இருந்தது. விருது கையில் இருக்கும்போது கூரையைப் பற்றி ஒரு வார்த்தை போட்டால் மறுக்க மாட்டான். மூன்று கடிதம் எழுதினேன். பதிலே இல்லை. ஒரு வியாழக்கிழமை காலை ஆளே வந்து நின்றான். இடுப்பில் வேட்டி மாதிரி நல்ல சூலு கட்டி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, கையில் ஒரு ஓலைக்கூடை. கூடைக்குள் தம்புவா.

தம்புவா என்றால் திமிங்கிலப் பல். பெண் கேட்கவும், மன்னிப்புக் கேட்கவும், பெரிய காரியம் எதற்கானாலும் எங்களிடையே அதுதான் முதலில் பேசும். அதைக் கை நீட்டி வாங்கிவிட்டால் கேட்டதைக் கொடுத்தாயிற்று என்று பொருள். வாங்கிவிட்டு இல்லை என்று சொன்னவனை ஊர் மூன்று தலைமுறைக்கு மறக்காது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்கும் தெரியும். இருந்தும் அன்றைக்கு எனக்குக் கூரைதான் கண்ணில் நின்றது.

ஓடிப்போய் எங்கள் துறைத் தலைவர் டாக்டர் பிரேம்வதியைக் கூட்டிவந்தேன். அவர் குடும்பம் நான்கு தலைமுறையாக இந்த மண்ணில் இருப்பது. எப்போது தரையில் உட்கார வேண்டும், எப்போது கை தட்ட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். அபாகுகி இரண்டு கைகளிலும் தம்புவாவை ஏந்திக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் பேசினான்.

“இந்தப் பெரிய வீட்டின் வாசலில் எங்களுடைய சின்னக் காரியம் ஒன்று முடியாமல் நிற்கிறது. அதை முடித்து எடுத்துப்போக வழிவிட வேண்டும்.”

சடங்குப் பேச்சில் நாங்கள் எதையும் சின்னது என்றுதான் சொல்வோம். நூறு பன்றி அடித்துப் போட்டாலும் “வாய்க்குப் பத்தாது” என்போம். சின்னக் காரியம் என்றால் பெரிய கட்டடம்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். துறையின் சார்பில் தம்புவாவை வாங்கினேன், முகர்ந்தேன், ஏற்றுக்கொண்டோம் என்பதற்குரிய வார்த்தைகளைக் கணீரென்று சொன்னேன். மூன்று பேரும் கை குவித்துத் தட்டினோம்.

“அப்புறம் மச்சான், கூரை என்ன கலர்ல போடறதா இருக்கே?” என்றேன்.

“எந்தக் கூரை?”

“உன் பேர் போடப்போற கட்டடத்துக் கூரை.”

“என் பேரா? சேத்து நண்டே, நான் கேட்டது என் பொண்டாட்டிக்கு. உனாய்சிக்கு ஒரு பேப்பர் பாக்கி இருக்குல்ல, ஸ்டாடிஸ்டிக்ஸ். அதை எழுத விடணும். பாஸானா பட்டம் குடுக்கணும். அதுக்கு முன்னாடி எனக்கு விருதெல்லாம் வேண்டாம்.”

டாக்டர் பிரேம்வதி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“போனிபாதே, என்ன கேக்கறாங்கன்னு தெரியாமலேவா வாங்கினீங்க?”

“தெரிஞ்சுதான் வாங்கினேன் மேடம். எனக்குத் தெரிஞ்சது வேற.”

“பத்து வருஷம் தாண்டினா பழைய பாடமெல்லாம் செல்லாதுன்னு விதி இருக்கே. இவங்க விட்டு எத்தனை வருஷமாச்சு?”

“இருபத்தெட்டு” என்றான் அபாகுகி.

பிறகு அவன் சொன்னது இது. இருவரும் ஒரே வகுப்பு, அப்போதே கல்யாணமும் ஆகியிருந்தது. கடைசிப் பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது புயல் தவேயுனியைப் புரட்டிப் போட்டது. அபாகுகியின் அப்பா மேல் வீட்டுக்கூரை விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. யாராவது போயாக வேண்டும். உனாய்சி கப்பல் ஏறினாள். இவன் இருந்து அந்தக் கடைசிப் பேப்பரையும் எழுதினான். அவள் எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று. கிழவரைப் பார்த்துக்கொண்டதோடு அவள் நிற்கவில்லை. காற்றில் சாய்ந்த மரவள்ளியை ஒரு வாரத்தில் பிடுங்காவிட்டால் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போகும். ஊரையே கூட்டிப் பிடுங்க வைத்து, தோல் சீவ வைத்து, படகுத்துறையில் சும்மா கிடந்த மீன் குளிர்பெட்டியில் உறைய வைத்து, ஆக்லாந்தில் இருந்த சித்தப்பனுக்குப் போன் போட்டு, வாங்க ஆளும் பிடித்துவிட்டாள். இன்று இருக்கிற தொழில் அப்படித் தொடங்கியதுதான்.

“தொழில் அவளோடது, பட்டம் என்னோடது. ஊரெல்லாம் என்னைக் கூப்பிட்டு மாலை போடுது. எனக்கு வெக்கமா இருக்கு மேடம்” என்றான். அவன் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை.

டாக்டர் பிரேம்வதி அன்று என்னைத் திட்டிய திட்டு தனிக்கதை. ஆனால் விதிகளைத் தளர்த்த அதிகாரமுள்ள பல்கலைக்கழகக் குழுவின் முன் போய் நின்றபோது அவர் ஒரு வார்த்தை கூட என்மேல் போடவில்லை. “எங்க துறை வாக்குக் குடுத்திடுச்சு. இனி அந்த வாக்குக்கு வழி கண்டுபிடிக்கறதுதான் நம்ம வேலை” என்றார். குழுவில் வெளிநாட்டிலிருந்து வந்த இருவர், பல்லுக்கும் விதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்களாம். உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் மேசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். ஆறு வாரம் இழுத்துக் கடைசியில் அனுமதி வந்தது. அவள் ஒரு பருவம் முழுக்க வகுப்பில் உட்கார வேண்டும், மற்றப் பிள்ளைகளைப் போலவே பரீட்சை எழுத வேண்டும். தேறினால் மார்ச்சில் பட்டம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நானும் அபாகுகியும் நௌசோரிக்குப் போனோம். உனாய்சி தொழிற்சாலைக்குள் இருந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் வலை, கையில் கத்தி. சீவிய கிழங்கு ஒன்றை முறித்து உள்ளே கறுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கூட்டிவந்து கடிதத்தைக் கொடுத்தோம். நான் பெரிய சந்தோஷத்தை எதிர்பார்த்து, அதைப் படம் எடுக்கப் போனைக்கூட நீட்டி வைத்திருந்தேன்.

அவள் ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“யார் கேட்டா இதை?”

“நான்தான்” என்றான் அபாகுகி. “தம்புவா வெச்சுக் கேட்டேன்.”

“யாருகிட்ட?”

“பிரேம்வதி மேடம்கிட்ட. போனிகிட்ட.”

“மேடத்தைக் கேட்டே. இந்த போனியைக்கூடக் கேட்டே. கமிட்டில பதினோரு பேரைக் கேட்டிருக்கே. என்னைக் கேட்டியா?”

இது எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற தவறுதான். பெரிய காரியம் என்றால் வீட்டுக்கு வீடு, தலைக்குத் தலை முறையாகப் போய்க் கேட்போம். காரியம் யாருக்காகவோ அந்த ஆளிடம் கேட்கத் தோன்றாது. அந்த ஆள் ஏதோ அந்த வீட்டுப் பொருள் மாதிரி.

“நீ என்னை அனுப்பினே, நான் போனேன்னு இத்தனை வருஷமா மனசுல வெச்சிருக்கியா?” என்றாள் உனாய்சி. குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “நீ அனுப்பலே அபா. ரெண்டு பேர்ல ஒருத்தர் போனாப் போதும்னு நான்தான் சொன்னேன். நான்தான் கப்பல் ஏறினேன். அது நானா எடுத்த முடிவு. இப்ப அதை என்கிட்டேருந்து பிடுங்கி, பாவம் உனாய்சி, பாதில நின்னுட்டான்னு பதினோரு பேர் முன்னாடி சொல்லிட்டு வந்திருக்கே.”

போனை மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அபாகுகி அங்கே கவிழ்த்துக் கிடந்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் உட்கார்ந்தான். அவ்வளவு பெரிய உடம்பு அதன்மேல் உட்கார்ந்திருந்தது பார்க்கப் பரிதாபமாக இருந்தது. தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான்.

“தப்புதான். இப்பக் கேக்கறேன். உனக்கு வேணுமா, வேண்டாமா? வேண்டாம்னா போனி கமிட்டி காலில விழுவான்.”

“நான் எதுக்குடா விழணும்?” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

“உள்ள வேலை கிடக்கு” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். கடிதத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஒன்பது நாள் ஒன்றும் தெரியவில்லை. அபாகுகியிடம் கேட்டால், “நான் ஒரு தடவை கேட்டாச்சு. மறுபடி கேட்டா அது நச்சரிப்பு” என்றான். பதிவு முடிகிற வெள்ளிக்கிழமை, அலுவலகம் மூட அரைமணி இருக்கும்போது, உனாய்சி என் அறைக்கு வந்தாள். பூப்போட்ட உடையில் அவளை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. நிரப்பிய படிவத்தை மேசைமேல் வைத்தாள்.

“அக்கா!” என்று எழுந்துவிட்டேன்.

“உக்காருங்க போனி. கத்தாதீங்க.” அவளும் உட்கார்ந்தாள். “பட்டமளிப்பு நாள் ஒண்ணு வருதில்ல, மார்ச்சுல. அன்னிக்கு நான் டவுனுக்கே வரமாட்டேன். இருபத்தெட்டு வருஷமா. கறுப்பு அங்கியோட பிள்ளைங்க பஸ் ஸ்டாண்டுல நிப்பாங்க, பின்னாடியே அவங்க அம்மாக்காரி பூமாலையோட நிப்பா. என்னால பாக்க முடியாது. இதை அவன்கிட்டகூடச் சொன்னதில்லே. வேண்டாம்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ஆனா வேணுமான்னு கேட்டுட்டான். பொய் சொல்ல வரலே.”

“பயமா இருக்கா அக்கா?”

“இல்லாமயா? என்கிட்டக் கிழங்கு சீவறவளோட பொண்ணு அந்த வகுப்புல இருக்கா. நான் ஃபெயிலானா மறுநாள் காலைல மொத்தத் தொழிற்சாலைக்கும் தெரிஞ்சிடும்.” பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னாள்: “உங்க கூரை விஷயமும் காதுல விழுந்துச்சு. பழைய மாணவிகிட்டத்தானே நீங்க கேப்பீங்க? முதல்ல ஆகிக்கறேன். அப்புறம் வந்து கேளுங்க.”

அந்தப் பருவம் முழுக்க வாரத்துக்கு மூன்று நாள், வாசலுக்கு எதிரே கிழங்கு லாரி நிற்கும். உள்ளே அபாகுகி தூங்குவான். தோல் சீவுகிறவளின் மகள்தான் உனாய்சிக்குக் கணிப்பொறியில் வரைபடம் போடச் சொல்லிக்கொடுத்தாள். பதிலுக்கு, வகுப்பில் உதாரணமாக வருகிற இல்லாத கம்பெனிகளை எல்லாம் உனாய்சி கிழிகிழியென்று கிழித்தாள். “நூறு பெட்டிக்கு மூணு பெட்டி கெட்டுப்போகும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. எந்த ஊர்ல சார்? ஜனவரில எங்க ஊருக்கு வந்து எண்ணிப் பாருங்க” என்று விரிவுரையாளரையே கேட்டாளாம். முதல் சோதனையில் முப்பத்தொன்று வாங்கினாள். அன்று அவள் லாரிக் கதவை அறைந்து சாத்தியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மறு சோதனையில் நாற்பத்தாறு. ஐம்பது வேண்டும். பரீட்சை ஒன்றுதான் மீதி.

பரீட்சைக்கு முன் தினமே அவள் சுவாவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள். நௌசோரியிலிருந்து வரும் வழியில் பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டால் தாமதமாகிவிடும் என்று பயம். காலை எட்டரைக்கு நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அபாகுகியின் அழைப்பு வந்தது.

“நண்டே, எங்க இருக்கே?”

“ஆபீஸ்ல. ஏன் மூச்சு வாங்குது?”

“ஆஸ்பத்திரில இருக்கேன். ஆறு மணிக்குக் கன்டெய்னர் ஏத்திட்டிருந்தோம், நெஞ்சைப் பிடிச்சுடுச்சு. இப்பப் பரவாயில்லை. மருந்து ஏத்தறாங்க. சின்ன அட்டாக்தானாம், ரெண்டு மூணு நாள் வெச்சுப் பாக்கணுமாம். அவ போனை அணைச்சு வெச்சிருக்கா. நீ போய்ச் சொல்லு.”

“பைத்தியமாடா நீ? ஒன்பது மணிக்குப் பரீட்சை. பன்னெண்டுக்கு முடிஞ்சிடும். அப்புறம் சொல்லிக்கலாம்.”

“வேண்டாம்.”

“மச்சான், கேட்டா அவ ஓடி வந்துடுவா. இருபத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் மறுபடியும்...”

“வந்தா வரட்டும். அது அவ முடிவு. அவளைக் கேக்காம நான் ஒண்ணு செஞ்சேன் பாரு, அது போதும். போகவா, எழுதவான்னு அவளே சொல்லட்டும். ஓடு.”

ஓடினேன். ஐம்பது வயதில் சூலு கட்டிக்கொண்டு ஈர மைதானத்தில் ஓடுவது கண்ணுக்கு லட்சணமான காட்சி இல்லை. வழியெல்லாம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றே யோசித்துக்கொண்டு போனேன். அதை இங்கே மறைப்பானேன். அவள் மண்டபத்து வாசலில், இருபது வயசுப் பிள்ளைகளுக்கு நடுவே, பென்சில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்ததுமே தனியே வந்துவிட்டாள்.

அவன் சொன்னது அத்தனையும் சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“அவனே பேசினானா?”

“அவனேதான்.”

“குரல் எப்படி இருந்துச்சு?”

“மூச்சு வாங்குச்சு. ஆனா என்னை நண்டுன்னான்.”

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பென்சில் பையின் ஜிப்பை இழுத்தாள், மூடினாள், மறுபடி இழுத்தாள். உள்ளே மணி அடித்தது. பிள்ளைகள் நுழையத் தொடங்கினார்கள். தோல் சீவுகிறவளின் மகள் வாசலில் நின்று, “ஆன்ட்டி, வாங்க” என்று கூப்பிட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்கக் கூடாது.

உனாய்சி எழுந்தாள். கண்ணைத் துடைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

“போனி, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் வர்ற வரைக்கும் அவன் பக்கத்துலயே இருங்க. டீ குடிக்கக்கூட எந்திரிக்கக் கூடாது.”

“சரிக்கா.”

“எழுதறேன்னு சொல்லுங்க.”

உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பேப்பரில் அவள் ஐம்பத்தெட்டு வாங்கித் தேறியதும், மார்ச்சில் அங்கி போட்டதும், ஏப்ரல் மாதம் என் அறைக்கு வந்து, “இப்பக் கேளுங்க” என்றதும் பிறகு நடந்தவை. அன்று காலை அதெல்லாம் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்க ஒருத்தி பரீட்சை எழுதப் போய்விட்டாள் என்பதுதான். இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று டாக்சியில் வாய்க்குள் பேசிப் பேசிப் பார்த்தேன்.

அபாகுகி தலையணையில் சாய்ந்திருந்தான். மார்பில் வயர்கள், கையில் ஊசி. கதவு திறந்ததும் என்னை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தான்.

“எங்க அவ?”

“வரலே மச்சான்.” முன்னேற்பாடாக வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் மறந்துவிட்டன. “சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா. அப்புறம் உள்ள போயிட்டா. எழுதறேன்னு சொல்லச் சொன்னா.”

“போயிட்டாளா?”

“போயிட்டா.”

“நிஜமா எழுதப் போயிட்டாளா?”

“என் கண்ணால பாத்தேன்டா.”

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. வலி வந்துவிட்டதோ என்று பதறி நர்ஸைக் கூப்பிடப் போனேன். அவன் என் கையை எட்டிப் பிடித்து இழுத்தான். முகமெல்லாம் கண்ணீர், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான்.

“வரலே பாத்தியா. அவ வரலே” என்றான். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த கிழவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவரிடமும் சொன்னான்: “என் பொண்டாட்டி வரலே. பரீட்சை எழுதறா.”